ஏழு வீட்டுக் கந்தை

வலை பின்னிப் பழகியவன் கையில் எதைக் கொடுத்தாலும் முடிச்சுத்தான் போடுவான். சாக்கைக் கொடுத்தாலும் முடிச்சு, சட்டையைக் கொடுத்தாலும் முடிச்சு, கோபம் வந்தால் மனசுக்குள்ளேயும் ஒரு முடிச்சு. இது ஒரு குறை என்று முப்பத்தொன்பது வயது வரைக்கும் தனக்கோடிக்கு யாரும் சொன்னதில்லை. சாமியார்பேட்டைக்குத் தெற்கே சவுக்குத் தோப்பைத் தாண்டி இருக்கிற அவனுடைய குப்பத்தில் அது பெருமை. தனக்கோடி போட்ட கண்ணி திமிங்கலம் வந்து முட்டினாலும் அவிழாது என்பார்கள். திமிங்கலம் வந்து முட்டிப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலம். ஆண்களெல்லாம் வலைக்கொட்டகையில் உட்கார்ந்து கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் தனக்கோடியின் மனைவி மலர்க்கொடிக்கு ஏழரை மாசத்திலேயே ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ முந்நூற்றைம்பது கிராம். ஒரு நல்ல வஞ்சிரம் இதைவிடக் கனக்குமே என்று தனக்கோடிக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டான்.

அவர்களுக்கு இது மூன்றாவது. முதலாவது வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது ஆண் பிள்ளை. பதினோரு நாள் இருந்தான். அவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. தனக்கோடி முன்னால் சுத்தமாகப் பேசுவதில்லை.

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் போன நாலாம் நாள், புவனகிரியில் கட்டிக்கொடுத்திருந்த அவனுடைய அக்கா ஜோதிலட்சுமி மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாள். இருமலோடும் வந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"டே தம்பி, ஏழு வீட்டுக் கந்த வாங்கிட்டியா இல்லியா?"

"இன்னும் இல்லக்கா."

"ரெண்ட பறிகுடுத்துட்டு மூணாவது பெத்துருக்கா. நம்ம வூட்டுத் துணி ஒரு நூலு அந்தப் புள்ள மேல படக்கூடாது. ஏழு வூட்டுல கேட்டு வாங்கி, ஒண்ணா தச்சி, அதுல சுத்தணும். அப்பத்தான் இது எந்த வூட்டுப் புள்ளன்னு எமனுக்குக் கொழம்பும்."

"எமனுக்கு விலாசம் தெரியாதாக்கா?"

"வாய மூடு. பெத்தவன்தான் போயி நிக்கணும். வூட்டுக்குள்ள காலு வெக்காத. குடுத்தா வாங்கிக்க. வரேன்னும் சொல்லாத, போறேன்னும் சொல்லாத. வாங்குன கைதான் தைக்கணும்."

தனக்கோடிக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் சொல்ல முடியாது. ஆனால் நாலு நாளாக ஆஸ்பத்திரி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. துண்டை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சங்கடம் வேறு இடத்தில் வந்தது. எந்த வீடும் இல்லை என்று சொல்லவில்லை. குழந்தைக்கென்று கேட்டதும் பீரோவைத் திறந்து இருப்பதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்கள். பளபளவென்று பூப்போட்ட சேலைகள். ஒரு வீட்டில் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புதுத் துண்டு. கொண்டுவந்து போட்டதும் ஜோதிலட்சுமி தீப்பெட்டியோடு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவித் தீயில் காட்டினாள். நூல் உருகிக் கருப்பு மிளகு போலச் சுருண்டது.

"பாரு. சாம்பலாவுணும். சாம்பலானாத்தான் பருத்தி. இது பிளாஸ்டிக்கு. இதுல புள்ளைய சுத்துனா வெந்துடும். அந்தப் புதுத் துண்டையும் குடுத்துட்டு வா. புதுசு உறுத்தும். கட்டிக் கட்டித் தேஞ்சிருக்கணும்."

"குடுத்தத எப்படிக்கா திருப்பிக் குடுக்கறது?"

"இன்னா பண்றது? இந்த ஊருல ஒருத்திக்கும் பருத்திச் சேல இல்ல. நைட்டிதான் பருத்தி. நைட்டி கேளு."

இப்படித்தான் ஒரு ஆம்பிளை, உச்சி வெயிலில், ஊர்ப் பெண்களிடம் பழைய நைட்டி கேட்டு வாசல் வாசலாக நிற்க வேண்டிவந்தது. பொன்னி சிரித்து மாளாமல் ஒன்றைக் கொடுத்தாள். துவைத்துத் துவைத்து அதன் பூவெல்லாம் காணாமல் போயிருந்தது. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வடலூர் போகிற தட்சிணாமூர்த்தி மாமா, ஜோதி தரிசனம் பார்க்கப் போகும்போது கட்டுகிற வெள்ளை வேட்டியில் ஒரு முழம் கிழித்தார். காலேஜ் படிக்கிற மோனிகா துப்பட்டாவைக் கொடுத்தாள். கூட்டாளி ஜெயசீலன் இடுப்பில் கட்டியிருந்த லுங்கியையே அவிழ்க்கப் போனான். அவன் பெண்சாதி ஓடிவந்து வேறொன்று கொடுத்தாள். அதற்குமேல் ஒரு தலையணை உறை, ஒரு உள்பாவாடை.

ஏழாவது வீடு ஜெயப்பிரகாஷ் வீடு. அவன் ஏழு வயசில் சுனாமிக்கு அம்மாவைப் பறிகொடுத்தவன். கேட்டதும் உள்ளே போனான். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு பச்சைக் கட்டம் போட்ட சுங்குடிச் சேலை.

"அம்மாவுதுண்ணே. அன்னிக்கி வெளுக்கப் போட்டிருந்ததால இது ஒண்ணு தங்குச்சி."

"டே, வாணாண்டா. உள்ள வெய்யி."

"நல்லாத் தேஞ்சிருக்குண்ணே. மெத்துனு இருக்கு பாரு." சொல்லிக்கொண்டே பல்லால் ஓரத்தைக் கடித்துக் கிழித்தான். சரக்கென்று கிழிந்தது. பாதியை இவன் துண்டில் போட்டுவிட்டு மீதியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

தனக்கோடி துண்டை மடித்துக்கொண்டு வாசலை விட்டு நகர்ந்தான். வரேன் என்றும் சொல்லக்கூடாது, போறேன் என்றும் சொல்லக்கூடாது என்று அக்கா சொன்னது அப்போது நல்லதாகப் போயிற்று. சொல்ல வேண்டியிருந்தால் அழுதிருப்பான்.

அன்று மத்தியானமே வலைக்கொட்டகையில் உட்கார்ந்து தைத்தான். ஏழு துண்டையும் சதுரம் சதுரமாக வெட்டி மேலே ஒரு அடுக்கு, கீழே லுங்கியின் மிச்சத்தை விரித்து இன்னொரு அடுக்கு. நூலுக்கு எங்கே போவது? கொட்டகையில் இருந்தது வலை நூல்தான். இருப்பதிலேயே மெல்லிசான நைலானாகப் பார்த்து எடுத்துக்கொண்டான். ஒரு தையல், ஒரு முடிச்சு. ஒரு தையல், ஒரு முடிச்சு. ஜெயசீலன் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்தான்.

"மச்சான், இதுல சுறா மாட்டுனா சொல்லு, ஆளுக்குப் பாதி."

"மாட்டுனா அவுராதுடா," என்றான் தனக்கோடி. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தத் தடவை எதுவும் அவிழ்ந்து போய்விடக்கூடாது.

மறுநாள் விடிந்ததும் பரங்கிப்பேட்டை வழியாகப் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தான். அக்காவும் கூட வந்தாள். பச்சைப் பிள்ளை வார்டு நர்ஸ் எழிலரசி கெட்டிக்காரி. சின்ன வயசு, பெரிய குரல். துணியை வாங்கி உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள்.

"என்ன இது, துணியா வலையா?"

"துணிதாங்க சிஸ்டர். கெட்டியா தச்சிருக்கறன்."

"கெட்டியாத்தான் இருக்கு. கையக் குடுங்க." அவன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் துணியை வைத்து அழுத்தி எடுத்தாள். தோலில் வரிசையாகப் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது. "உங்க தோலே இப்படி ஆவுது. அதுக்குத் தோலு இன்னும் வெங்காயச் சருகு மாதிரி இருக்குண்ணே. இந்த நைலான் அறுத்துடும், முடிச்சு குத்திடும். இது ஆவாது."

தனக்கோடி துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு முடிச்சிலும் அவன் வைத்திருந்த நம்பிக்கை அவளுக்கு எப்படித் தெரியும்?

"இன்னொண்ணு. பாப்பா தானா மூச்சு வுடுது. இன்னிக்கி மத்தியானத்துலேந்து யாராவது நெஞ்சோட அணைச்சி வெச்சிக்கணும். ஒடம்புச் சூடுதான் அதுக்கு மருந்து. அம்மாவுக்கு இன்னும் பிரஷர் எறங்கல. வேற யாரு வெச்சிக்கப் போறீங்க?"

"அக்கா வெச்சிக்கும்," என்றான் உடனே.

ஜோதிலட்சுமி அந்த நேரம் பார்த்து இருமினாள். எழிலரசி அவளைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். "இருமல் இருக்கறவங்க உள்ளயே வரக்கூடாது. நீங்கதான். குளிச்சிட்டு, மேல சட்டை இல்லாம வரணும். மூணு மணிக்கு."

"துணி தச்சி முடிச்சிட்டு வரேன் சிஸ்டர்," என்றான் தனக்கோடி.

வராந்தாவில் வேப்பமரத்து நிழல் விழுகிற பக்கமாக உட்கார்ந்து முடிச்சுகளை வெட்ட ஆரம்பித்தான். அவன் போட்ட முடிச்சு அவனுக்கே அவிழவில்லை. பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண், சுவரில் சாய்ந்து, கையளவு வட்டச் சட்டத்தில் துணியை மாட்டி ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். பேர் ஷாசியா. பரங்கிப்பேட்டைக்காரி. இருபத்தஞ்சு வயசிருக்கும். அவளுடைய பிள்ளையும் உள்ளே இருந்தது. பதினாறு நாள் ஆயிற்று. புருஷன் உசாமா கத்தாரில். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரிப் பூத்தையல் வேலை செய்கிறவள். ஒப்புக்கொண்ட வேலையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவன் படுகிற பாட்டைப் பார்த்தவள், தன் கத்தரிக்கோலை நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே. எதுக்கு இவ்வளவு முடிச்சு?"

"இல்லன்னா அவுந்துடுமேம்மா. வலையில ஒரு கண்ணி போச்சின்னா எல்லாம் போச்சி."

"இது வலை இல்லியேண்ணே."

முடிச்சுகளை வெட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஜோதிலட்சுமி காரமில்லாத தயிர்ச் சோறு வாங்கிக்கொண்டு மலர்க்கொடியைப் பார்க்கப் போய்விட்டாள். ஷாசியா தன் பையிலிருந்து வெள்ளைப் பருத்தி நூல்கண்டு ஒன்றை எடுத்து ஊசியில் கோர்த்தாள். பிரிந்த சதுரங்களை லுங்கியின் மேல் ஓரத்தோடு ஓரம் ஏறும்படி அடுக்கித் தரையில் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட்டாள்.

"ஓரத்துலேந்து ஆரம்பிச்சா நடுவுல காத்து மாட்டிக்கும், பொம்முனு நிக்கும். நடுவுலேந்து வெளிய போவணும். இப்பப் பாருங்க."

நூல் முனையில் அவள் முடிச்சுப் போடவில்லை. மேல் துணியில் மட்டும் ஊசியை இறக்கி, இரண்டு துணிக்கும் நடுவில் ஒரு விரல் தூரம் ஓடவிட்டு வெளியே எடுத்தாள். நூலின் வால் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அதே இடத்தில் அரிசியளவு ஒரு பின் தையல். அதன்மேலேயே இன்னொன்று. அதற்கப்புறம் ஊசி நேராக ஓடத் தொடங்கியது; மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். நாலைந்து தையலை ஊசியிலேயே வாரிக்கொண்டு ஒரே இழுப்பு. ஓரத்துக்கு வந்ததும் மறுபடி இரண்டு பின் தையல். ஊசி நடுவில் புகுந்து எங்கேயோ வெளியே வந்தது. நறுக்கென்று நூலைக் கத்தரித்தாள். நுனி உள்ளே போய் மறைந்துவிட்டது. கோடு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

தனக்கோடி துணியைத் திருப்பிப் பார்த்தான். அந்தப் பக்கமும் அப்படியே இருந்தது. விரலால் தடவினான். ஒன்றுமே தட்டவில்லை. ராத்திரி வீசிய காற்று கோடு போட்டுவிட்டுப் போன மணலைத் தடவுவதுபோல இருந்தது. நகத்தால் நூலைத் தூக்கி இழுத்தான், வரவில்லை. வலை இழுக்கிற கையாலேயே இழுத்தான். அப்போதும் வரவில்லை.

"எதும்மா இத புடிச்சிகினு இருக்கு?"

"ஒரு தையலும் புடிக்கலண்ணே. ஒரு தையல எடுத்தா கையோட வந்துடும். இத்தன தையலு சேந்து நிக்குதுல்ல, துணியும் நூலும் ஒண்ணையொண்ணு விடாது. அவ்வளவுதான்."

தனக்கோடிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக நூலோடு குடித்தனம் செய்கிறவன் அவன். கட்டிப்போட்டால்தான் எதுவும் நிற்கும் என்று அவன் நினைத்திருந்தான். கட்டாமலேயே நிற்கிற ஒரு வித்தை, ஒரு சின்னப் பெண்ணின் விரல் நுனியில், தன் கண் முன்னால் நடந்துவிட்டதே என்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் சிரித்துவிட்டு ஊசியை அவன் கையில் கொடுத்தாள்.

முதல் கோடு நண்டு போன பாதை மாதிரி போயிற்று. இரண்டாவதும் அப்படித்தான். விரல் தானாகவே முடிச்சுக்கு வளைந்தது. ஒவ்வொரு தடவையும் அதட்டி நிமிர்த்த வேண்டியிருந்தது. ஆறாவது கோட்டில் ஊசி நடை பழகிவிட்டது. பொன்னியின் நைட்டியிலிருந்து வடலூர் வேட்டிக்கு, வேட்டியிலிருந்து பச்சைக் கட்டத்துக்கு ஊசி தடையில்லாமல் போயிற்று. சுங்குடி மேல் ஓடும்போது மட்டும் அவன் இன்னும் பொடியாகத் தைத்தான்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரையும் ஆயிற்று. ஒரு விரல்கடை விட்டுக் கோடு போட்டவன், அதற்கு நடுவில் இன்னொரு கோடு போட்டான். அதற்கும் நடுவில் இன்னொன்று போட ஊசி கோர்த்தான்.

"போதும்ணே," என்றாள் ஷாசியா. "துணி அப்பவே முடிஞ்சிபோச்சி."

"இல்லம்மா, இந்த ஓரம் கொஞ்சம்..."

"ஓரமும் முடிஞ்சிபோச்சி. இன்னும் தச்சா வெறச்சிக்கும்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "உள்ள போவ பயமாண்ணே?"

தனக்கோடி ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மலர்க்கொடியிடமே சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னான்.

"பையன் ஒருத்தன் இருந்தான். பதினோரு நாளு. அவுங்கம்மா தூங்கட்டும்னு நான்தான் மடியில வெச்சிருந்தன். நல்லா தூங்குறான்னு ஆட்டிகினே இருந்தன். முக்கா மணி நேரம்மா. மலரு எழுந்து வந்து தொட்டுப் பாக்கற வரைக்கும் ஆட்டிகினுதான் இருந்தன். கையில இருந்து போனதுகூட இந்தக் கைக்குத் தெரியல."

ஷாசியா தன் வட்டச் சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். வேப்பமரத்தில் ஒரு காக்கை வாயைப் பிளந்துகொண்டு வெயிலுக்கு இரைத்துக்கொண்டிருந்தது.

"நானும் மொதநாளு மாட்டேன்னுட்டேண்ணே," என்றாள். "உம்மா திட்டி அனுப்புனாங்க. வெச்சிப் பாத்தா தெரியும். பொட்டில இருந்தப்ப அது யாரோ. நெஞ்சுல வெச்ச ஒடனே என் புள்ளயா ஆயிடுச்சி. குடுங்க, அலசிக் காயப்போட்டுத் தரேன். இந்த வெயிலுக்கு அர மணி நேரம்."

அவள் சொன்னபடியே அரை மணி நேரத்தில் காய்ந்தது. வாசலில் இருந்த இஸ்திரி வண்டிக்காரர் கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்தார். மூணு மணிக்கு எழிலரசி அதைத் தடவிப் பார்த்தாள். திருப்பியும் தடவிப் பார்த்தாள். தன் கன்னத்திலும் ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"காலையில கொண்டாந்த அதே துணியாண்ணே இது?"

அவன் தலையாட்டினான்.

சாய்வு நாற்காலியில் அவனை உட்காரவைத்து, வெற்று மார்பில் குழந்தையைக் குப்புற வைத்தார்கள். தொப்பியும் கோவணத் துணியும் தவிர அதற்கு உடுப்பு இல்லை. முதுகின் மேல் ஏழு வீட்டுத் துணியைப் போர்த்திச் சுற்றி, அவன் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள் எழிலரசி. அவனுடைய உள்ளங்கைக்குள் மொத்த முதுகும் அடங்கிவிட்டது. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு இதயம் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருப்பது அவன் கைக்குத் தெரிந்தது. இவ்வளவு சின்னதற்குள் இவ்வளவு வேகமா? அவன் கும்பிட நினைத்தான். கையை எடுக்கப் பயந்து சும்மா இருந்தான்.

"ஒண்ணு சொல்றேன், பதறக்கூடாது," என்றாள் எழிலரசி. "மாசம் ஆவாம பொறந்த புள்ளைங்க மூச்சு வுட மறந்துடும். நாலஞ்சு நொடி நிக்கும். அதுக்குத்தான் நெஞ்சுல வெக்கறது. உங்க நெஞ்சு ஏறி எறங்குறதப் பாத்து அதுக்கு ஞாபகம் வரும். காலுல மிஷினு மாட்டியிருக்கு, நானும் இங்கதான் இருக்கேன். நீங்க மூச்சு வுட்டா போதும்."

கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நின்றது.

முதலில் மிஷினுக்குத் தெரியவில்லை. எழிலரசிக்கும் தெரியவில்லை. தனக்கோடியின் கைக்குத்தான் தெரிந்தது. துணிக்கடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது ஏறாமல் நின்றது. ஒன்று. இரண்டு. அவனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, வாய் வரவில்லை. தன் மூச்சும் சேர்ந்து நின்றுபோயிருப்பதை அப்போதுதான் உணர்ந்தான். தண்ணீருக்கடியிலிருந்து மேலே வருகிறவன்போல நெஞ்சு புடைக்க ஒரு மூச்சு இழுத்தான். அந்தச் சின்ன உடம்பு அவன் நெஞ்சோடு மேலே போயிற்று. மெதுவாக விட்டான், அதுவும் கீழே வந்தது. இன்னொரு தரம் இழுத்தான்.

குழந்தை லேசாக விக்கியது. துணி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

மிஷின் அதற்கப்புறம்தான் ஒரு தரம் கத்தியது. எழிலரசி ஓடிவந்து பார்த்தாள். "அதான் வுடுதே," என்று சொல்லி அமர்த்திவிட்டுப் போனாள். தனக்கோடியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. தெரிந்துவிட்டதே, இந்தக் கைக்குத் தெரிந்துவிட்டதே என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தரம் நின்றது. இரண்டு தரமும் அவன் கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

ஐந்து மணிக்கு மலர்க்கொடியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. குழந்தையை அவள் இன்னும் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்ததும் கையை நீட்டினாள். துணிக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது.

"வாணாம் மாமா. நான் தொடல. எனக்கு பயமா இருக்கு. தூங்குதா? இருக்குதா மாமா?"

தனக்கோடி அவள் கையைப் பிடித்துத் துணியின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டான்.

"இருக்கு மலரு. நீ ஒண்ணும் பண்ண வாணாம். மூச்ச மட்டும் வுடு. அது நம்மளப் பாத்துகினு இருக்கு."